உப்பளத்திலும் கடலடியிலும் ஒரே பெப்டைடு

சித்திரை வெயிலில் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவரின் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அது பாத்தி உப்பு அல்ல, வியர்வை காய்ந்த உப்பு. ஆனால் வியர்வையில் உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகிறது. அதனால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடும். ஒரு சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் கண்டுகொள்ளும். வாசோபிரஸின் என்ற நியூரோபெப்டைடை, பிட்யூட்டரியின் பின்பகுதி வழியாக ரத்தத்தில் விடும்.

நரம்பணுக்கள் உண்டாக்கும் சின்னஞ்சிறு புரதத் துணுக்குகளே நியூரோபெப்டைடுகள். வாசோபிரஸினில் மொத்தமே ஒன்பது அமினோ அமிலங்கள். 1895இல் ஆலிவர், ஷேஃபர் என்ற ஆய்வாளர்கள் பிட்யூட்டரிச் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது ரத்த அழுத்தம் ஏறியதைக் கண்டார்கள். அதற்குக் காரணமான வாசோபிரஸின் இன்ன மூலக்கூறென்று கண்டறிந்து ஆய்வகத்தில் உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுநீராகப் போகவிருக்கும் தண்ணீரை மறித்து ரத்தத்துக்கே திருப்புவது இதன் முதல் வேலை. ரத்தத்தின் அளவு வெகுவாகக் குறைந்தால் இன்னும் அதிகமாகச் சுரந்து ரத்தக் குழாய்களை இறுக்கி ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும். பிரஷர் என்றாலே இதயத்தை மட்டும் நினைக்கிறோம். வெயிலில் அது சரிந்து ஆள் மயங்கி விழாமல் காப்பதில் மூளைக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனாலும் இருக்கிற தண்ணீரைத்தான் மூளையால் காக்க முடியும். உப்பளங்களில் ஒதுங்க இடமில்லாததால் தாகம் எடுத்தும் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை நடந்த ஆய்வில், தொழிலாளர் சிலரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது தெரியவந்தது. உப்பளத்துக்கு ஒரு கழிப்பறையும் குடிதண்ணீரும் நிழலும் கொடுப்பது அப்படியொன்றும் பெரிய செலவல்ல.

அதே தூத்துக்குடிக் கரையில், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் திரேஸ்புரத்துச் சங்குகுளி தொழிலாளர்களுக்கு நடப்பது நேர் எதிர். இங்கே முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. சங்கு குளிப்பு இன்றும் நடக்கிறது. தண்ணீருக்குள் இறங்கியதும் நீரின் அழுத்தம் கால்களில் உள்ள ரத்தத்தை மார்புக்குத் தள்ளும். இதயத்தின் மேலறைகள் விரியும். ‘ரத்தம் மிகுதி’ என்று நரம்பு வழியே மூளைக்குச் சேதி போகும். மூளை வாசோபிரஸினைக் குறைக்கும், சிறுநீரகம் தண்ணீரைத் திறந்துவிடும். குளித்துக்கொண்டிருக்கும்போதே சிறுநீர் முட்டுவது இதனால்தான். உண்மையில் ரத்தம் கூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அதனால் மணிக்கணக்கில் கடலுக்குள் கிடந்தவர் உடம்பில் நீர் குறைந்துதான் படகேறுகிறார்; ஏறியதும் அவருக்குத் தேநீருக்கு முன்னால் நிறையக் குடிதண்ணீர் வேண்டும்.