மாமியின் வளையலும் மூன்று டன் யந்திரமும்

தை மாதத்தில் ஒரு நாள் காலை திருச்சி மலைக்கோட்டையில் ஏறி, உச்சிப் பிள்ளையார் சந்நிதியிலிருந்து வடக்கே பாருங்கள். காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், அதற்கும் அப்பால் கொள்ளிடம். கொள்ளிடத்தைத் தாண்டினால் லால்குடிப் பக்கத்து நெல் வயல்கள். முன்பெல்லாம் அறுவடைக்கு ஆட்கள் அரிவாளும் கையுமாக வரிசையாய் இறங்குவார்கள். இப்போது யந்திரங்கள் லாரிமேல் ஏறிக்கொண்டு வருகின்றன.

"வருஷா வருஷம் யாருக்கோ வாடகை அழுவானேன்? நாமே ஒன்று வாங்கிவிட்டால் என்ன?" என்ற யோசனை ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாமாவுக்கு உதித்தது. லால்குடிக்கருகே அவருக்கு நாலு ஏக்கர் நெல், இரண்டு ஏக்கர் வாழை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் அறுவடை யந்திரத்துக்கும் ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததும் உற்சாகம் கரை புரண்டது. பாங்கிக் கடன் போக மீதிப் பணத்துக்கு அவர் பார்வை மாமியின் கைகளில் விழுந்தது.

"நீ பத்திரிகையிலே எழுதறவனாச்சே. வளையலைக் கழட்டிக் கொடுக்கலாமா, வேண்டாமா, சொல்லு" என்றார் மாமி.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழலாம். ஆகையால் நான் விசாரித்தறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அறுவடை யந்திரம் நன்றாக நிற்கும் பயிரை ஏக்கருக்கு ஒரு மணி, ஒன்றரை மணியில் அறுத்துத் தூற்றி நெல்லாகக் கொடுத்துவிடும். நாலு ஏக்கருக்கு ஆறு மணி நேரம். குறுவை, சம்பா இரண்டும் போட்டாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு மணி. விலையோ இருபது லட்சத்தைத் தாண்டும். தீபாவளிக்கு முறுக்குப் பிழிய மாவு மில்லையே விலைக்கு வாங்குவார்களோ?

ஆனால் மாமாவின் கட்சியிலும் நியாயம் உண்டு. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் யந்திரம் வேண்டும். வாடகை ஏறும், முறை வருவதற்குள் பொன்னி நெல் சாய்ந்து சேற்றில் படுத்துவிடும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் போனால், விசேஷத் தளர்வு வந்தாலொழிய, கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அந்தத் தவிப்பைப் பட்டவர்கள்தான் அறிவார்கள். டெல்டா மாவட்டங்களில் கலெக்டர் கூட்டம் போட்டு வாடகை நிர்ணயிப்பது இதனால்தான்.

இனி, எடையைப் பற்றி. "பெரிசா, பலமா வாங்கணும்" என்பார்கள் ஆண்கள். காவிரிச் சேற்றில் அந்தப் பலமே வினை. டயர் வண்டி எட்டு டன் வரை இருக்கும். காய்ந்த நிலத்தில் ராஜா, ஈர வயலில் இறங்கினால் அச்சுவரை புதைந்து, அதை இழுக்க இன்னொரு வண்டி வரவேண்டும். இங்கே பெல்ட் வண்டிதான் பிழைக்கும். அதன் எடை சுமார் மூன்று டன். அகலமான இரண்டு ரப்பர் பட்டைகள் அதைப் பரத்தித் தாங்குவதால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இருநூறு கிராம்தான் அழுத்தம். நாம் ஒற்றைக் காலில் நின்றால் இதைவிட அதிகமாக அழுத்துவோம்!

நெல் வயலில் சேற்றுக்கடியில், தலைமுறை தலைமுறையாக உழுததில் இறுகிய ஒரு படை இருக்கிறது. தண்ணீரை நிறுத்துவதும் வண்டியைத் தாங்குவதும் அதுதான். கனத்த சக்கரம் அதை உடைத்துவிட்டால் அடுத்த ஆண்டு தண்ணீரும் நிற்காது, டிராக்டரும் நிற்காது.

டிராக்டர் என்றதும் மாமா, "அதெல்லாம் ஆம்பிளை சமாசாரம்" என்று மாமியை அடக்கப் பார்த்தார். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனியைத் தலைமையேற்று வளர்த்தவர் மல்லிகா சீனிவாசன் என்ற பெண்மணி என்று நான் சொன்னேன். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஐந்தடி ரோட்டவேட்டர் இழுக்க நாற்பது குதிரை சக்தியாவது வேண்டும். அப்படிப்பட்ட டிராக்டர் ஏழெட்டு லட்சம் ஆகும். ஆறடி இடைவெளியில் நட்ட வாழைக்குள் நுழையவும் நுழையாது. நாலடி அகலத்துக்குள் அடங்கும் சின்ன டிராக்டர் நுழையும். கம்பெனி ஆளின் பேச்சைக் கேட்பதற்கு முன்னால், அளவு நாடாவோடு தோட்டத்துக்குப் போய் வாருங்கள்.

அரசாங்க மானியத்தில் ஒரு நுணுக்கம்: சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் உச்ச வரம்புக்கு உட்பட்டு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. பட்டா யார் பெயரில் என்று ஒரு தரம் எடுத்துப் பாருங்களேன். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து வாடகை மையம் வைக்கவும் மானியம் உண்டு. எட்டுப் பத்துக் குடும்பம் சேர்ந்தால் மாமாவின் ஆசைகூட அர்த்தமுள்ளதாகும். தனியாக இருப்பவர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையே யந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம்.

வாடகைக்கு எடுப்பதிலும் சாமர்த்தியம் வேண்டும். கூலி மணிக்கணக்கு, சாய்ந்த பயிரில் வண்டி ஊர்ந்து போகும், மணியோ ஓடும். லாரியிலிருந்து இறங்கியதும் கணக்கா, வயலில் இறங்கியதும் கணக்கா என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். பெல்ட் வண்டி வைக்கோலை நசுக்கித் துண்டாக்கிவிடுகிறது. வீட்டில் பசு இருந்தால் அதைச் சுருட்டிக் கட்டும் யந்திரத்துக்கும் சேர்த்தே சொல்லிவையுங்கள்.

அறுவடை யந்திர யோசனையை மாமா கைவிட்டார். சின்ன டிராக்டர் மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது. சம்பா அறுப்புக்குப் பெல்ட் வண்டி பேசியாயிற்று. அன்று வரப்பில் கைக்கடிகாரத்தோடு நிற்கப்போவது தான்தான் என்று மாமி சொல்லிவிட்டார்.