தோலின் மேல் வாழும் குடிகள்

நகரியில் சித்திரை, வைகாசி வெயில் எப்படிக் காயும் என்பதை அவ்வூராருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஏகாம்பரகுப்பத்திலும் சத்ரவாடாவிலும் விசைத்தறிக் கூடங்களில் நிற்போரின் முதுகில் வியர்வை உலர்வதே இல்லை. குழந்தைகளின் கழுத்தில் வேர்க்குரு. பெரியவர்களின் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. இவற்றைக் கண்டவுடன் ‘எல்லாம் அழுக்கு’ என்று முடிவு கட்டி, காரமான சோப்பைப் போட்டு உடம்பைத் தேய்த்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைத்த களிம்பைத் தடவிக் கொள்கிறோம். தோலைப் பற்றி இன்று அறிந்துள்ளவற்றை நோக்கினால், இவ்வழக்கம் சரிதானா என்ற ஐயம் எழுகின்றது.

நாம் எத்துணைத் தூய்மையாக நீராடினும் நமது தோலில் உயிர்கள் குடியிருந்தே தீரும். பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ், கண்ணுக்குப் புலனாகாத சிற்றுண்ணி ஆகிய யாவும் அங்கு உண்டு. வறண்ட முன்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறோ சில ஆயிரமோ பாக்டீரியாக்கள் இருக்கலாம். ஈரமான அக்குளில் அத்தொகை பத்து இலட்சத்தையும் எட்டும். மேரி மார்ப்பிள்ஸ் என்ற நியூஸிலாந்து அறிஞர் 1965-ல் தோலைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். காட்டையும் பாலையையும் ஆராய்வது போலவே தோலையும் ஆராயலாம் என்பது அவர் கண்ட நெறி. நம்மூர்க் கணக்கில் சொல்லப் போனால், முன்கை இராயலசீமையின் மானாவாரி மேடு. அக்குள் தலக்கோனச் சோலை. 2009-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பத்துப் பேரின் உடம்பில் 20 இடங்களிலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து மரபணு முறையில் ஆராய்ந்தபோது, இவ்வுவமை வெறும் அலங்காரமன்று என்பது உறுதியாயிற்று. ஒருவருடைய அக்குளும் மற்றொருவருடைய அக்குளும் ஒத்திருக்கும் அளவுக்கு, ஒருவருடைய அக்குளும் அவருடைய முன்கையுமே ஒத்திருப்பதில்லை.

இக்குடிகள் வாடகை கொடுக்கின்றனவா என்று கேட்கலாம். கொடுக்கின்றன. நம் தோலில் மிகுதியாக வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் பாக்டீரியா இடத்தையும் உணவையும் முன்னதாகவே பற்றிக் கொள்வதால், சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் அதன் உறவினனாகிய ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. சில வகைக் குடிகள் இப்பகைவனைக் கொல்லும் பொருள்களையும் சுரக்கின்றன. கரப்பான் நோயுற்ற தோலில் அத்தகைய காவலர் குறைந்து போவதை 2017-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எண்ணெய்ப் பசையுள்ள நெற்றியிலும் தலையிலும் வாழும் வேறொரு பாக்டீரியா, நம் தோலெண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலங்களாக்குகின்றது. தோலின் மேற்பரப்பு சிறிது புளிப்பாயிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அப்புளிப்பு பல நோய்க்கிருமிகளுக்கு ஒவ்வாது.

ஆயினும் குடிகள் எப்போதும் நல்லவர்களே என்று நம்பிவிடலாகாது. வியர்வை வடியும்போது அதே எபிடெர்மிடிஸ் அளவு மீறிப் பெருகிப் பிசின் போன்றதொரு பொருளை உண்டாக்கும். அப்பிசின் வியர்வைக் குழாயின் வாயை அடைப்பதற்கும் வேர்க்குருவுக்கும் தொடர்புண்டு. ஆதலால் வேர்க்குருவுக்கு வேண்டுவது காற்றும், குளிர்ந்த நீரும், பருத்தித் துணியுமே. முரட்டு நாரால் தேய்த்தல் புண்ணில்தான் முடியும்.

இனிச் சோப்பைப் பற்றி. பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தம் கைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பல தொட்டிகளில் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு தொட்டியிலும் எத்தனை பாக்டீரியாக்கள் உதிர்ந்தன என்று எண்ணினார். அம்முடிவுகளை அவர் 1938-ல் வெளியிட்டார். வழிப்போக்கராய் வந்து ஒட்டியவை விரைவில் கழன்றன. நிலைத்த குடிகளோ எளிதில் அகலவில்லை. உண்ணுமுன் கை கழுவுவதன் பயன் இதனால் விளங்கும். நோயைக் கொணர்வோர் பெரும்பாலும் அவ்வழிப்போக்கரே. எனவே கை கழுவச் சோப்பு இன்றியமையாதது. சாயமும் வெளுப்புத் தூளும் அளையும் கைகளுக்கோ இருமடங்கு இன்றியமையாதது. ஆனால் உடம்பு முழுவதையும் நாளுக்கு மூன்று முறை நுரைத்துத் தேய்ப்பது வேறு செய்தி. தோலின் புளிப்பளவு ஏறத்தாழ 5. சாதாரணச் சோப்பின் காரமோ 9 அல்லது 10. அடிக்கடி சோப்பிட்டால் தோல் தன் புளிப்பை மீட்க அவகாசம் கிடைப்பதில்லை, வறண்டு வெடிக்கின்றது. சனிக்கிழமை எண்ணெயிட்டுச் சீயக்காய் தேய்த்த நம் பாட்டிமார், சற்றுப் புளிப்பான பொருளைத்தான் தேர்ந்திருந்தனர். அதற்காகப் பழையன யாவும் நல்லன என்று நாம் வாதிடவில்லை; சீயக்காய் கண்ணில் பட்டால் படும் பாட்டை யாவரும் அறிவோம்.

திருமலைக்கு முடி காணிக்கை செலுத்தப் போவோர்க்கும் ஒரு சொல். சவரக் கத்தி மயிரை மட்டுமன்றித் தோலின் மேற்புறத்தையும் ஆங்காங்கே கீறிவிடுகின்றது. அக்கீறல் வழியே, வெளியே சாதுவாயிருந்த பாக்டீரியாவும் உள்ளே புகுந்து கொப்புளம் உண்டாக்கக் கூடும். ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு வேண்டும் என்பது இதனாலேதான். மொட்டைத் தலையில் பூசும் சந்தனம் குளிர்ச்சி தரும். ஆனால் இரத்தம் கசியும் கீறலுக்கு அதை மருந்தாகக் கொள்ளலாகாது. அவ்விடத்தைத் தூய நீரால் கழுவி உலர்த்துவதும், ஒருவர் துடைத்த துண்டை மற்றவர் தொடாதிருப்பதும் போதிய காவல்.

எல்லாவற்றினும் கவலைக்குரியது களிம்பு விஷயம். ஸ்டிராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் கலந்த குழாய்க் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கித் தடவுவோர் பலர். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும். அடங்கியது நோயன்று, பூஞ்சையை எதிர்த்துப் போராடிய நம் உடம்பின் எழுச்சியே அடங்கியது. எதிர்ப்பற்ற நிலத்தில் படர்தாமரை வட்டமிட்டுப் பரவுகின்றது. தோல் மெலிந்து வரிவரியாகின்றது. மருந்துக்கு எளிதில் மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை ஓர் இந்திய நோயாளியிடமும் ஒரு நேபாள நோயாளியிடமும் கண்டறியப்பட்டு, 2020-ல் நம் நாட்டின் பெயராலேயே டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயர் பெற்றது. பெருமைப்படத்தக்க பெயரன்று. மத்திய அரசு 2018-ல் 14 வகை ஸ்டிராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. படர்தாமரை கண்டோர் தோல் மருத்துவரைக் காண்பதோடு, வீட்டில் வேறெவருக்கேனும் அரிப்பு உண்டா என்றும் சொல்லல் வேண்டும். ஒருவர் மட்டும் மருந்துண்டு மற்றவர் சும்மா இருந்தால், அது மீண்டும் வந்து சேரும். உள்ளாடைகளை வெயிலில் நன்கு உலர்த்தி உடுப்பதற்கு மட்டும் நகரியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.