மெதனோல்: எரிபொருளும் நஞ்சும்

மன்னார்த் தீவிலே, தோட்டவெளியை அடுத்த கரைகளிற் கடற்றொழில் புரிவோருக்கு மண்ணெண்ணெய் இன்றியமையாத பொருள். பெற்றோலில் தொடக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களே சிறு படகுகள் பலவற்றை இயக்குகின்றன. 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. மாற்று எரிபொருள் உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்ததில் வியப்பில்லை. உலகில் அவ்வாறு பேசப்படுவனவற்றுள் ஒன்று மெதனோல்.

மரத்தைக் காற்றுப் புகாது சூடாக்கி முற்காலத்தில் இதனைப் பெற்றமையால் மர மதுசாரம் என்றும் வழங்கினர். இன்று பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் ஆக்கப்படுகிறது. மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. ஆயினும் அவ்வாயு இன்னும் கரையேறவில்லை.

மெதனோலின் நன்மைகள் சில. அதன் ஒக்டேன் எண் உயர்ந்தது. அது புகைக்கரியின்றி எரியும். கடலிற் சிந்தினால் எண்ணெய் போல் மிதவாது நீரிற் கரைந்து, நுண்ணுயிர்களால் விரைவிற் சிதைக்கப்படும். இந்தியாவில் அசாமின் தின்சுகியாவில், நூற்றுக்கு 15 பங்கு மெதனோல் கலந்த பெற்றோல் 2022 இல் சோதனை முறையில் விற்பனைக்கு வந்தது. சுவீடனின் ஸ்டெனா ஜெர்மானிகா என்னும் பயணிகள் கப்பல் 2015 இல் மெதனோலுக்கு மாற்றப்பட்டது.

இனிக் குறைகள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் தரும் வெப்பத்தைப் பெற இரண்டு லீற்றருக்கு மேல் மெதனோல் வேண்டும். எனவே விலை பாதியாயினும் இலாபமில்லை, கலமும் பெரிதாக வேண்டும். அது அலுமினியத்தை அரிக்கும்; சில இறப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். பெற்றோலுடன் கலந்து வைத்தால், சிறிது நீர் புகினும் இரண்டும் பிரிந்துவிடும். இருவீச்சு இயந்திரத்துக்கான வழக்கமான மசகெண்ணெய் அதிற் கரைவதில்லை. அதன் சுடர் பகலொளியிற் கண்ணுக்குப் புலப்படாமையால், தீப்பற்றியதைக் கைசுடும் வரை அறியாதிருக்கவும் கூடும்.

இவற்றினும் பெரிய கேடு அதன் நச்சுத்தன்மை. உடலிற் சென்ற மெதனோல் போமிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதத்தில் மெதனோல் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எரிபொருளை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வழக்கம் கரையோரங்களில் உண்டு. மண்ணெண்ணெய் வாயிற்பட்டால் நாற்றமே எச்சரிக்கும். மெதனோலோ குடிக்கும் மதுசாரத்தைப் போலவே மணக்கும். ஒரு மிடறு கூடக் கண்ணைப் பறிக்கலாம். தீங்கின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தோன்றுவதால், விழுங்கியவர் நலமாயிருப்பதாக எண்ணிக் காத்திராது உடனே மருத்துவமனையை நாடவேண்டும்.

ஆகவே, மெதனோலுக்கென அமைந்த இயந்திரமும், பூட்டிய கலமும், வாயால் உறிஞ்சத் தேவையற்ற பம்பியும் உள்ள இடத்தில் அது நல்ல எரிபொருளே. இவையின்றி, விலை ஒன்றையே கருதி இன்றைய படகின் தாங்கியில் ஊற்றத்தக்க பொருளன்று.