கூடையும் கிழங்குக் கோலும்

மூங்கில் கூடை, கிழங்கு தோண்டும் கோல்
பளியர் பழங்குடி, தேனி மாவட்டம்

கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மேகமலை, வருசநாட்டு மலைகளின் தொல்குடிகளுள் ஒன்று பளியர். உழவுக்கு முந்திய, காட்டில் உணவு தேடும் வாழ்வின் அடிப்படைக் கருவிகள் இவை: தோண்ட ஒரு கோல், சுமக்க ஒரு கூடை.

பளியரின் பழைய முதன்மை உணவு காட்டு வள்ளிக்கிழங்கு. மழைக்காலம் முடிந்து கொடி காயும்போது கிழங்கு முற்றியிருக்கும். காய்ந்த கொடி மண்ணில் இறங்கும் இடமே கிழங்கு இருக்கும் இடம், அங்கே தோண்டுவார்கள். கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியைக் குழியில் விட்டு மண் மூடினால், அடுத்த மழையில் அது மீண்டும் தளிர்க்கும். கசப்பும் நச்சும் உள்ள வகைகளைப் பலமுறை நீர் மாற்றி வேகவைத்து உண்பார்கள்.

கூராகச் சீவிய மரக்கோலே இக்கருவியின் பழைய வடிவம். நுனியில் உள்ள இரும்பு பிற்காலத்துச் சேர்க்கை. மூங்கிலைக் கீறி எடுத்த பத்தைகளால் கூடை முடையப்படுகிறது. கிழங்கில் ஒட்டிய மண் பின்னலின் இடைவெளி வழியே உதிர்ந்துவிடும்.

கூடை முடைதல் மிகப் பழைய கலை. வறண்ட யூதேயப் பாலைவனக் குகை ஒன்றில் சுமார் 10,500 ஆண்டுப் பழமையான முழுக் கூடை 2021இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஈரமும் கறையானும் உள்ள நம் மலைமண்ணில் நாரும் மூங்கிலும் நிலைப்பதில்லை. இங்கே அந்தப் பழமையைக் காத்து வந்தவை முடையும் கைகளே.

காட்டில் மூங்கில், கிழங்கு போன்ற சிறு வனப்பொருள்கள் சேகரிக்கும் பழங்குடியினரின் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது.