சட்டத்துறைத் தலைவர்: ஒரு பதவி, இரு பொறுப்பு

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், பன்னிருவர் மீதான வழக்குகளைக் கைவிடுவதாக அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் அறிவித்தார். விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள் என்று 2019 அக்டோபரில் சொஸ்மா சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டவர்கள் அவர்கள். நம் மலாக்காவின் காடேக் சட்டமன்ற உறுப்பினரும் அவர்களுள் ஒருவர். கைதானபோது அவர் மாநில ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றிருந்தார். ஆதலால் அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் இச்செய்தி பெரிதும் பேசப்பட்டது. பேசியோருள் சிலர் 'அரசாங்கம் விட்டுவிட்டது' என்றனர். சிலர் 'கோர்ட்டு விட்டுவிட்டது' என்றனர். இரண்டும் உண்மைக்குச் சற்று விலகியவை. அமைச்சரவை அம்முடிவை எடுக்கவில்லை. குற்றம் உண்டா இல்லையா என்று நீதிபதியும் தீர்ப்புரைக்கவில்லை. குற்றத்தை மெய்ப்பிக்கும் வாய்ப்பில்லை என்று கருதி வழக்கை நிறுத்தியவர் தனியொரு பதவியாளர். அப்பதவியை நாம் தமிழில் எப்படி அழைக்கிறோம், அப்பெயர் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 145ஆம் பிரிவு இப்பதவியை வரையறுக்கிறது. பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் இவரை நியமிக்கிறார். கூட்டரசு நீதிமன்ற நீதிபதியாகத் தகுதி உடையவராக அவர் இருத்தல் வேண்டும்; அதாவது, குடிமகனாகவும், வழக்கறிஞர் தொழிலிலோ நீதித்துறை, சட்டத்துறைப் பணியிலோ பத்தாண்டு கழித்தவராகவும் இருத்தல் வேண்டும். அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை கூறுவது அவருடைய முதற்பொறுப்பு. குற்ற வழக்கைத் தொடுப்பது, நடத்துவது, நிறுத்துவது ஆகிய மூன்றையும் தம் விருப்புரிமைப்படி செய்வது இரண்டாம் பொறுப்பு. ஷரியா நீதிமன்றம், பூர்வகுடி நீதிமன்றம், இராணுவ நீதிமன்றம் ஆகியவற்றின் வழக்குகள் இதில் அடங்கா. காடேக் வழக்கில் பயன்பட்டது இவ்விரண்டாம் பொறுப்பே.

பதவிக்காலம் பற்றிய விதியை மாணவர்கள் சற்றுக் கூர்ந்து நோக்குதல் நன்று. 1957இல் எழுதப்பட்ட வாசகத்தின்படி, நீதித்துறை, சட்டத்துறைப் பணி ஆணையத்தைக் கலந்து, அப்பணியில் உள்ளவர்களிலிருந்தே இவர் நியமிக்கப்பட வேண்டும். நீதிபதியை நீக்கும் முறையில் அன்றி இவரை நீக்கவும் இயலாது. 1960இல் செய்யப்பட்ட திருத்தம் இக்காப்பை எடுத்துவிட்டது. இன்று மாமன்னரின் உவப்பு உள்ளவரை பதவி என்பதே நிலை. உவப்பு என்பது அழகிய சொல்; ஆனால் நடைமுறையில் அது பிரதமரின் ஆலோசனையைக் குறிக்கும். 2015 ஜூலையில், 1எம்டிபி விசாரணை நடந்துகொண்டிருந்த வேளையில், அப்துல் கனி பட்டாயில் ஓய்வுபெறச் சில மாதங்களே இருக்க, உடல்நலத்தைக் காரணம் காட்டிப் பதவியிலிருந்து விலக்கப்பட்டார்.

இத்தலைவருக்குக் கீழுள்ளோர் ஏறும் படிகள் நம் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. சட்டம் பயின்ற இளைஞர் ஒருவர் மாஜிஸ்திரேட்டாகத் தொடங்க முடிந்தது. பின்னர் வழக்கு நடத்தும் அதிகாரியாக முடிந்தது. கூட்டரசு வழக்கறிஞராகவோ செஷன்ஸ் நீதிமன்ற நீதிபதியாகவோ மாநிலச் சட்ட ஆலோசகராகவோ மாற்றப்படவும் முடிந்தது. எல்லாம் ஒரே பணித்துறையாக இருந்தது. நேற்று குற்றஞ்சாட்டியவர் நாளை தீர்ப்புக் கூறும் இருக்கையில் அமர்வது இங்கு இயல்பாக இருந்தது. தமிழ்நாட்டில் நிலை வேறு. அங்கே மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் பெரும்பாலும் தனித்தொழிலிலிருந்து வருகிறார். ஆட்சி மாறினால் தொழிலுக்கே திரும்புகிறார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தில் அப்பதவியில் நீடித்தது அரிய விதிவிலக்கு.

இனிச் சொற்களுக்கு வருவோம். மலாயில் 'பெகுவாம் நெகாரா', 'பென்டாக்வா ராயா' என்று ஒருவருக்கே இரு பெயர்கள் உண்டு. ஆலோசகராக நிற்கும்போது முன்னது, குற்றஞ்சாட்டும்போது பின்னது. தமிழிலோ நம் நாளேடுகள் இரண்டுக்கும் 'சட்டத்துறைத் தலைவர்' என்றே எழுதிப் பழகிவிட்டன. அச்சொல் ஓர் அலுவலகத்தின் தலைமையைக் காட்டுகிறது. வழக்கை நிறுத்தும் கையைக் காட்டவில்லை. இலங்கைத் தமிழர் 'சட்டமா அதிபர்' என்பர். அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரை 'மன்றாடியார் நாயகம்' என்பர். பொன்னம்பலம் இராமநாதன் 1892 முதல் 1906 வரை வகித்தது அப்பதவியே. மன்றில் நின்று வாதாடுபவர் என்று இன்று பொருள்படும் இச்சொல்லின் அடியான மன்றாடி, சோழர் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்காக ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையரைக் குறித்தது. சொற்கள் எங்கெங்கோ மேய்ந்து நீதிமன்றம் வந்து சேர்கின்றன.

இவற்றினும் இடர் மிக்கது 'துணை அரசு வழக்கறிஞர்' என்னும் வழக்கு. 'திம்பாலான் பென்டாக்வா ராயா' என்பதற்கு நாம் தரும் பெயர் அது. ஆயர் குரோ நீதிமன்ற வளாகத்துக்கு முதன்முறை வரும் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் இச்சொல்லைக் கேட்டு என்ன விளங்கிக்கொள்வார்? அரசு மருத்துவர் நமக்கு மருந்து தருபவர். அரசுப் பள்ளி நம் பிள்ளைக்குக் கற்பிப்பது. அவ்வொப்புமையில், அரசு வழக்கறிஞர் தம் மகனுக்காக அரசு அமர்த்திய வழக்கறிஞர் என்றே கொள்வார். உண்மையில் அவர் எதிர்த்தரப்பில் நிற்பவர். எளியோருக்கு உதவும் சட்ட உதவி அலுவலகம் வேறு. பிழை பெரியவருடையதன்று, சொல்லாக்கத்தில் நேர்ந்தது. 'வழக்குத் தொடுநர்' என்னும் சொல் இலங்கைச் சட்டத்தமிழில் உண்டு. பொது வழக்குத் தொடுநர், துணைப் பொது வழக்குத் தொடுநர் என்று நாமும் எழுதினால் எந்தப் பக்கத்தவர் என்பது பெயரிலேயே தெரியும்.

இவ்விரு பொறுப்பையும் இரு பதவிகளாகப் பிரிக்க வேண்டும் என்னும் கோரிக்கை நம் நாட்டில் பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது. அமைச்சர்களுக்கு ஆலோசனை கூறுபவரே ஓர் அமைச்சர் மீது வழக்குத் தொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது பொருந்துமா என்பது அதன் உட்கிடை. பிரிவு நிகழ்ந்தால் மலாய்ச் செய்தியாளர் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. இரண்டும் அவர்களிடம் முன்னரே உள்ளன. ஆலோசகருக்கு நாம் 'சட்டத்துறைத் தலைவர்' என்பதையே வைத்துக்கொள்ளலாம். மற்றவருக்குரிய பெயரை இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில், ஒரு நாளேட்டுச் செய்தியைக் கையில் கொடுத்து, மாணவர்களையே எழுதிப்பார்க்கச் செய்யலாம்.