கணினியில் ஒரு நிரனிறை

பவணந்தியார் நன்னூலிற் கூறும் எண்வகைப் பொருள்கோள்களுள் நிரனிறையும் ஒன்று. சொற்களை ஒரு வரிசையாகவும் அவற்றிற்குரியவற்றை மற்றொரு வரிசையாகவும் நிறுத்தி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் கூட்டிப் பொருள் காண்பது அது. திருக்குறளின் 45ஆம் பாட்டிலே, இல்வாழ்க்கைக்கு அன்பைப் பண்பாகவும் அறத்தைப் பயனாகவும் நாம் கொள்வது இம்முறையாலேதான். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்தளித்தமையால், யாழ்ப்பாணத்தார்க்கு இஃது அந்நியமான பாடமன்று.

இதனையே இன்று நம் உயர்தர வகுப்பு மாணவர் கணினியின் முன்னிருந்து வேறொரு பெயராற் பயில்கின்றனர். கைடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர் 1991இல் வெளியிட்ட பைதன் என்ற கணினி மொழியில்,

பெயர், வயது = "வள்ளி", 14

என ஒரே வரியில் எழுதலாம். (தமிழ்ச் சொல்லையே இவ்வாறு வழங்க, 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு இடந்தந்தது.) வலப்புறம் உள்ளவை பெறுமானங்கள், இடப்புறம் உள்ளவை அவற்றை ஏற்கும் மாறிகள். ஆங்கிலத்தார் இதனைப் பொதியவிழ்த்தல் என்னும் பொருள்பட வழங்குவர். நிரனிறை என்பதே நமக்கு இனிக்கின்றது. 'செய்நிரல்' என்ற புதுச்சொல்லிலும் அந்த நிரல்தானே இருக்கின்றது!

இரண்டு செம்புகளிலுள்ள பாலையும் மோரையும் இடம் மாற்ற மூன்றாவது செம்பு ஒன்று வேண்டும். பைதனிலோ 'அ, ஆ = ஆ, அ' என்றாற் போதும். வலப்புறம் முழுவதையும் முதலிற் கணித்து முடித்த பின்னரே அது இடப்புறத்தில் வைக்கின்றது.

மாறிகள் இரண்டாக, பெறுமானங்கள் மூன்றாயின் கணினி பிழை கூறி நின்றுவிடும். மாறியொன்றின் முன் உடுக்குறி இட்டால், எஞ்சியவற்றை அது பட்டியலாக ஏற்றுக்கொள்ளும்.

தொகை பொருந்தி வரிசை பிறழ்ந்தாலோ? புள்ளியேட்டில் தமிழ் முன்னும் கணிதம் பின்னுமாக இருக்க, செய்நிரலில் 'கணிதம், தமிழ்' என்று எழுதிவிட்டால் கணினி வாய் திறவாது. தமிழில் 82உம் கணிதத்தில் 28உம் பெற்ற பிள்ளை, தேர்ச்சி அறிக்கையில் கணிதத்தில் வல்லவளாகவும் தமிழில் தவறியவளாகவும் தோன்றுவாள். அவ்வறிக்கையை நம்பி அவளுக்குரிய பாடத்துறையையும் தெரிந்துவிடுவர்.

வரிசை தலைகீழாக வருவதையும் எதிர்நிரனிறையென இலக்கணம் ஏற்கும். படிப்பவர் பொருளறிந்து கூட்டிக்கொள்வார் என்பது அதன் துணிபு. கணினிக்கோ எண்ணிக்கையும் இடமுமே தெரியும். ஆதலின், புள்ளிகள் போன்றவற்றைப் பாடத்தின் பெயரைச் சொல்லியே எடுக்கத்தக்க 'அகராதி' என்னும் பைதன் அமைப்பில் வைப்பதே தக்கது என்பது எமது கருத்து.