பழைய கணினியில் வீட்டு வழங்கி

வீட்டு வழங்கி என்பது ஒரு வீட்டில் உள்ள பல கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் கோப்புச் சேமிப்பு, ஒளிப்படம், இசை, அச்சுப்பொறிப் பகிர்வு முதலிய சேவைகளை வீட்டு வலையமைப்பின் ஊடாக அளிக்கும் கணினி ஆகும். இதற்கெனவே செய்யப்பட்ட கருவிகள் விற்பனைக்கு உண்டு. எனினும் ஒதுக்கி வைக்கப்பட்ட மேசைக் கணினியையோ மடிக்கணினியையோ கொண்டு இதனை அமைத்துக்கொள்வது கணினி ஆர்வலர்களிடையே நெடுநாளைய வழக்கம். இவ்வாறு அமைக்கப்படும் வழங்கியில் செயலியும் நினைவகமும் பழையனவாக இருப்பதால் பெரிய கேடு இல்லை. வேகம் சற்றுக் குறையும், அவ்வளவே. வன்தட்டும் மென்பொருளும் பழையனவாக இருப்பின் சேமித்து வைத்த அனைத்தையும் இழக்க நேரிடலாம்.

பழைய கணினி போதுமானதாக இருப்பது ஏன்?

கோப்புகளை எடுத்துக் கொடுப்பது ஒரு செயலிக்கு மிக இலகுவான வேலை. நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள வலையமைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 12 மெகாபைட்டுக்கு மேல் அனுப்ப இயலாது. இவ்விடத்தில் தடையாக இருப்பது வலையமைப்பே அன்றிச் செயலி அன்று. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த கோர் 2 டுவோ வகைச் செயலி கொண்ட கணினி இப்பணியைத் தடையின்றிச் செய்யும். வழங்கிக்குத் திரையும் விசைப்பலகையும் தேவையில்லை. இயங்குதளத்தை நிறுவியபின் வேறொரு கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச் வழியாக அதனை ஆளலாம். உயர்தர நிகழ்படத்தை ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு உடனுக்குடன் மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் பழைய செயலி திணறும்.

வரலாறு

மலிவான பாகங்களைக் கொண்டு பெரிய வேலையைச் செய்யும் முயற்சிகள் 1990களில் பெருகின. 1994ஆம் ஆண்டு நாசாவின் கோடார்டு மையத்தில் தாமசு இசுட்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகியோர் 16 செயலிகளை (486 வகை) இணைத்து, லினக்சில் இயங்கும் பேவுல்ஃபு என்னும் கணினிக் கொத்தை உருவாக்கினர். அவை கடையில் கிடைக்கும் சாதாரணப் பாகங்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் ஓக் ரிட்சு தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஆர்கிரோவ், பாரசுட்டு ஆஃப்மன் ஆகியோர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். கணினிக் கொத்து ஒன்றை வாங்க அவர்கள் கேட்ட நிதி கிடைக்கவில்லை. எனவே ஆய்வகத்தில் கழித்துக் கட்டப்பட்ட கணினிகளைச் சேகரித்து, 1997 அளவில் தமது கொத்தை இயக்கத் தொடங்கினர். வெறுங்கல்லைப் பானையிலிட்டு, ஊரார் ஒவ்வொருவரும் கொண்டுவந்த காய்கறிகளால் சூப்பு ஆக்கிய ஐரோப்பிய நாட்டுப்புறக் கதையை நினைந்து அதற்குக் கல் சூப்பு எனப் பொருள்படும் பெயரிட்டனர். பின்னர் 130க்கு மேற்பட்ட கணினிகளாக வளர்ந்த இக்கொத்து, அமெரிக்க நிலப்பரப்பை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துச் சூழலியல் வட்டாரங்களை வரையப் பயன்பட்டது. 1996 இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கூகுளின் முன்னோடித் தேடுபொறிக்காக 4 கிகாபைட்டு வன்தட்டுகள் பத்தினை அடுக்கியதும், அவற்றுக்குப் பெட்டியாகக் குழந்தைகளின் விளையாட்டுக் கட்டைகளைப் பயன்படுத்தியதும் இக்காலத்து நிகழ்வே.

வீட்டளவில் இவ்வழக்கம் பரவ 2003 இல் வெளிவந்த மோனோவால், 2005 இல் தொடங்கிய ஃபிரீநாசு போன்ற கட்டற்ற மென்பொருட்கள் உதவின. மைக்ரோசாப்டு 2007 இல் வெளியிட்ட விண்டோசு ஓம் சர்வர் 2011ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுபோனது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோசு 10க்கான பொதுவான ஆதரவு முடிவடைந்தது. விண்டோசு 11 ஏற்காத, ஆயினும் நன்றாக இயங்கும் ஏராளமான கணினிகள் இதனால் வேலையற்றுப் போயின. வீட்டு வழங்கிக்கு இவை மிகப் பொருத்தமானவை.

மின்செலவு

வழங்கி நாள் முழுவதும் இயங்குவது. ஆகையால் இலவசமாகக் கிடைத்த கணினி மலிவானது என்று கொள்வது தவறாக முடியலாம். 2004ஆம் ஆண்டுக் காலத்துப் பென்டியம் 4 செயலிகளில் சில, செயலி அளவிலேயே 115 வாட்டு வரை வெப்பம் வெளியேற்றும்படி வடிவமைக்கப்பட்டவை. அத்தகைய மேசைக் கணினி வேலையின்றி இருக்கும்போது 80 வாட்டு எடுப்பதாகக் கொள்வோம். 80 வாட்டு, 24 மணி நேரம், 60 நாட்கள் எனப் பெருக்கினால் 115 அலகு (யூனிட்) ஆகிறது. தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு 100 அலகு மின்சாரம் வீடுகளுக்கு இலவசம் என 2016 இல் அறிவிக்கப்பட்டது. இந்த ஒரு கணினி அதனினும் கூடுதலாக உண்டுவிடும். மேலும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையில் உள்ளதால், புதிதாகச் சேரும் அலகுகளுக்கு மேற்படியின் விலையே விழும்.

10 வாட்டில் இயங்கும் சிறுகணினி அதே 60 நாட்களில் 14 அலகுகளே எடுக்கும். எனவே பழைய பெருங்கணினியைச் சும்மா பெறுவதைவிட, அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு மேசைக் கணினியையோ, மென்கணினி எனப்படும் வன்தட்டில்லா முனையத்தையோ சிறு விலைக்கு வாங்குவது பெரும்பாலும் இலாபம்.

பழைய மடிக்கணினியும் நல்ல தேர்வு. மின்சாரம் குறைவு, மின்வெட்டின்போது அதன் மின்கலமே யுபிஎசு போல் உதவும். தமிழக அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகள் பல வீடுகளில் பயனின்றிக் கிடக்கின்றன. இவற்றை வழங்கியாக்கும்போது மின்கலத்தை அவ்வப்போது பார்த்து வரவேண்டும். எந்நேரமும் மின்னேற்றத்தில் உள்ள இலித்தியம் மின்கலம் வீங்கக்கூடும். வீங்கிய மின்கலத்தை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்கவேண்டும். குத்துவதோ அழுத்துவதோ தீ விபத்துக்கு வழி.

வன்தட்டு

கணினியின் பிற பாகங்கள் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். வன்தட்டு பழுதானால் அதிலிருந்த குடும்பப் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே பழைய கணினியோடு வந்த வன்தட்டை, மீண்டும் பெறக்கூடிய கோப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்துதல் நன்று.

வன்தட்டின் நிலையை அதன் சுமார்ட்டு பதிவேட்டிலிருந்து அறியலாம். லினக்சில் இதற்கு சுமார்ட்மான்டூல்சு என்னும் தொகுப்பு உண்டு. பதிவேட்டின் 5ஆம் எண் பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளையும், 197ஆம் எண் படிக்க இயலாமல் நிலுவையில் உள்ள பகுதிகளையும் காட்டும். இவை சுழியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் வன்தட்டை மாற்றுவதே அறிவுடைமை. சுழியமாக இருப்பது மட்டும் நலத்துக்கு உறுதி ஆகாது; முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றுபோகும் வன்தட்டுகளும் உண்டு.

இரு வன்தட்டுகளில் ஒன்றையே எழுதும் ரெய்டு 1 முறையைக் காப்புநகல் என்று கருதுவோர் பலர். அது வன்தட்டு ஒன்று பழுதாவதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். வெளி வன்தட்டு ஒன்றில் வாரந்தோறும் நகலெடுத்து, அதனைக் கழற்றி வேறிடத்தில் வைப்பதே காப்புநகல். அந்நகலிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்திராதவரை அதனை நம்ப இயலாது.

எசுஎம்பிஎசு பெட்டியிலும் தாய்ப்பலகையிலும் உள்ள மின்தேக்கிகளையும் திறந்து பார்க்கவேண்டும். 2000களின் முற்பகுதியில் வெளிவந்த பல தாய்ப்பலகைகளில் குறைபாடுள்ள மின்தேக்கிகள் உப்பிக் கசிந்தன.

மென்பொருள்

கணினியோடு வந்த பழைய இயங்குதளத்தை அப்படியே விட்டுவைப்பது ஆபத்தானது. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை தீநிரல், விண்டோசின் எசுஎம்பி முதற்பதிப்புக் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டையின் வழியே புகுந்தது. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்கள் முன்னரே வெளிவந்திருந்தும், அதனை நிறுவாத கணினிகள் வீழ்ந்தன. கோப்புகளை வைத்திருப்பதே வழங்கியின் வேலை என்பதால் அது இத்தகைய தீநிரலுக்கு முதல் இரை.

ஆகவே திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் லினக்சு வழங்கல் ஒன்றை நிறுவுதல் வேண்டும். இதிலும் பழமைக்கு எல்லை உண்டு. லினசு டோர்வால்ட்சு 1991 இல் லினக்சு கருனியை எழுதியது 386 செயலியில். அச்செயலிக்கான ஆதரவே 2013 இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. 2025 ஆகத்து மாதம் வெளிவந்த டெபியன் 13, 32-பிட்டுப் பழைய கணினிகளுக்கான நிறுவியைத் தரவில்லை. எனவே கணினியைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் அதன் செயலி 64-பிட்டு வகையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நிறுவியபின் சாம்பா மென்பொருளைக் கொண்டு விண்டோசு, லினக்சு, மாக் கணினிகள் அனைத்துக்கும் கோப்புகளைப் பகிரலாம். அப்பகிர்வை வீட்டு வலையமைப்புக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். திசைவியில் (ரௌட்டர்) அதற்கான வாயிலை இணையத்துக்குத் திறந்துவிடலாகாது. வெளியூரிலிருந்து கோப்புகளைப் பார்க்க வேண்டுவோர் வயர்கார்டு போன்ற மறையாக்கப்பட்ட தனித் தொடர்பு வழியாக வரலாம்.